ஆர்மீனியர் பத்தாயம் கட்டி வாழவில்லை

புலம்பெயர்ந்த இனங்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஆர்மீனியரை முன்மாதிரியாகக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. நாடு போயிற்று, மக்கள் நாலா திசையும் சிதறினார்கள், ஆனாலும் மொழியையும் எழுத்தையும் திருச்சபையையும் பத்திரமாகக் காத்துவைத்தார்கள், அதனால்தான் இன்றும் இருக்கிறார்கள் என்று பாராட்டுகிறோம். இப்படிச் சொல்பவர்கள் வெளியார் மட்டுமல்லர். பெய்ரூட் முதல் லாஸ் ஏஞ்சலிஸ் வரை ஆர்மீனியப் பள்ளிகளின் ஆண்டுவிழா மேடைகளிலும் தேவாலயப் பிரசங்கங்களிலும் ஒலிப்பது இதுவே. 'ஹயபஹ்பானும்' என்று அதற்கு அவர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆர்மீனியத் தன்மையைக் காப்பது என்பது அதன் பொருள்.

இந்தக் கருத்தை அதன் முழு வலிமையோடு எடுத்துவைத்துவிட்டு மறுப்பதே முறை. அதற்கு மூன்று கால்கள் உண்டு. முதலாவது: பண்பாடு விளையும் நிலம் தாயகம், புலம்பெயர்ந்த சமூகம் அந்த விளைச்சலின் விதைநெல்லைக் கெடாமல் வைத்திருக்கும் பத்தாயம். இரண்டாவது: அந்தப் பத்தாயத்தின் சுவர் திருச்சபை, அரசு இல்லாத இனத்துக்கு அதுவே அரசாக நின்றது. மூன்றாவது: வேற்று மொழியில் எழுதுவதும் வேற்றினத்தில் மணப்பதும் சுவரில் விழும் ஓட்டைகள், ஒவ்வொரு தலைமுறையும் கொஞ்சம் நெல்லை இழக்கிறது, கடைசியில் வெறும் பத்தாயம்தான் மிஞ்சும். கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. ஆனால் ஆர்மீனியரின் ஐந்நூறு ஆண்டு வரலாறு இந்த மூன்றையுமே பொய்யாக்குகிறது.

முதல் காலிலிருந்து தொடங்குவோம். ஆர்மீனிய மொழியில் முதல் அச்சுநூல் 1512இல் வெளிவந்தது. வெளிவந்த ஊர் வெனிஸ். அச்சிட்டவர் ஹாகோப் மெகாபார்ட். அது வேதாகமமும் அல்ல, வழிபாட்டு முறைநூலும் அல்ல. நோயாளிகளுக்கான வேண்டுதல்களும் மந்திரிப்புகளும் அடங்கிய 'உர்பதகிர்க்' என்ற நூல். வணிகனும் கடலோடியும் கையில் வைத்துக்கொள்ள விரும்பும் வகை அது. முழு வேதாகமம் 1666இல் அச்சேறத் தொடங்கியது ஆம்ஸ்டர்டாமில். அதைப் பதிப்பித்த வோஸ்கன் யெரெவான்ட்சி பழைய ஏட்டை அப்படியே எழுத்துக் கோக்கவில்லை. லத்தீன் வேதாகமத்தோடு ஒப்பிட்டு இடங்களைத் திருத்தினார், ஆர்மீனிய மொழிபெயர்ப்பில் இல்லாதவற்றைச் சேர்த்தார், டச்சு ஓவியரின் மரச்செதுக்குப் படங்களை இட்டார். பின்வந்த அறிஞர்கள் இதற்காக அவரைக் கடிந்துகொண்டார்கள். காப்பாளராகக் கொண்டாடப்படும் மனிதர் உண்மையில் துணிச்சலான பதிப்பாசிரியர்.

சரி, தாயகத்துக்கு அச்சு எப்போது வந்தது? 1771இல், திருச்சபையின் தலைமைப் பீடமான எச்மியாட்சினில், திருச்சபைத் தலைவரான கத்தோலிக்கோஸ் சிமியோன் நிறுவிய அச்சகத்தோடு. வெனிஸுக்கு 259 ஆண்டுகள் பின்னால். அதற்கும் பொருளுதவி செய்தவர் இந்தியாவில் வாழ்ந்த ஆர்மீனிய வணிகர் ஒருவர். விளைநிலம் எது, பத்தாயம் எது என்று இப்போது சொல்லுங்கள்.

அந்தக் காலத்துச் சென்னையைப் பார்த்தால் இந்த வாதம் இன்னும் கூர்மையாகும். 1604–05இல் பாரசீக மன்னர் ஷா அப்பாஸ் பழைய ஜுல்ஃபா நகரத்து ஆர்மீனியரை வேரோடு பெயர்த்து இஸ்ஃபஹானுக்கு அருகே குடியேற்றினார். அங்கே எழுந்த புதிய ஜுல்ஃபாவிலிருந்து பட்டும் மணிக்கற்களும் விற்கக் கிளம்பியவர்களில் பலர் மதராஸில் தங்கினார்கள். சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் 1726இல் பாலம் கட்டிய கோஜா பெட்ரூஸ் உஸ்கானை நம் ஊர் வரலாறு படித்தவர்களுக்குத் தெரியும். அவருக்கு அடுத்த தலைமுறைக்காரர் ஷாஹமீர் ஷாஹமீரியன். புதிய ஜுல்ஃபாவில் பிறந்து மதராஸில் செல்வம் சேர்த்தவர். அவருடைய வட்டம் 1772இல் இங்கே ஓர் அச்சகம் தொடங்கியது. அதே ஆண்டு மோவ்செஸ் பக்ராமியனின் பெயரோடு தொடர்புபட்ட 'நோர் தெத்ராக்' என்ற சிறுநூல் வெளிவந்தது. ஆர்மீனிய இளைஞர்களைத் தூக்கத்திலிருந்து எழுப்பி, விடுதலைக்குத் தயாராகச் சொன்ன நூல் அது. அதைத் தொடர்ந்து, முகப்பில் 1773 என்று ஆண்டிட்ட 'வொரொகாய்த் பராட்ஸ்' வந்தது. அது வெளிவந்த ஆண்டு சில காலம் பிந்தியது என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். வருங்கால ஆர்மீனியக் குடியரசுக்கான சட்ட வரைவு அது. 521 பிரிவுகள் கொண்டது. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம்தான் நாட்டை ஆளும். பிறப்பாலும் இனத்தாலும் ஏற்றத்தாழ்வு இல்லாமல் மக்கள் வாழ்வார்கள் என்று அதில் எழுதப்பட்டது.

அப்போது ஆர்மீனியா என்று ஒரு நாடே இல்லை. பாரசீகமும் உதுமானியப் பேரரசும் அதைக் கூறு போட்டிருந்தன. காக்க எந்த அரசும் இல்லாதபோது, பழைய அரசர் பட்டியலைப் பாடிக்கொண்டிருக்காமல், யாரும் கண்டிராத ஒரு குடியரசை மதராஸில் உட்கார்ந்து எழுதினார்கள். தாயகத்துத் திருச்சபைத் தலைமை இதை எப்படி வரவேற்றது? எச்மியாட்சினில் அச்சகம் நிறுவிய அதே சிமியோன் 'நோர் தெத்ராக்'கைக் கண்டித்து அதை அழிக்கச் சொன்னார். அதிகாரம் கடவுளிடமிருந்து மன்னருக்கு வருகிறது என்று நம்பிய மதத் தலைவருக்கு மதராஸ் வணிகர்களின் பேச்சு ஆபத்தாகப் பட்டதில் வியப்பில்லை.

இருபது ஆண்டுகள் கழித்து, 1794 அக்டோபரில், ஷீராஸிலிருந்து வந்த பாதிரியார் ஹருத்யூன் ஷ்மாவோனியன் இதே ஊரில் 'அஸ்தரார்' என்ற மாத இதழைத் தொடங்கினார். உலகில் ஆர்மீனிய மொழியில் வந்த முதல் பருவ இதழ் அதுதான். 1796 வரை 18 இதழ்கள் வந்தன. வணிகச் செய்தி, கப்பல் வரவு, அறிவிப்புகள், வரலாற்றுக் கட்டுரைகள் எல்லாம் அதில் இருந்தன. யெரெவானோ எச்மியாட்சினோ இந்த முதல்களில் ஒன்றையும் தரவில்லை. வெனிஸ், ஆம்ஸ்டர்டாம், மதராஸ் தந்தன.

இனி இரண்டாவது கால்: திருச்சபை என்ற சுவர். ஆர்மீனிய சமூக வாழ்வில் திருச்சபைக்குள்ள இடத்தை நான் குறைத்துப் பேசவில்லை. முன்பின் தெரியாத ஊரில் போய் இறங்குபவருக்கு முதல் முகவரி அதுதான்; பள்ளிக்கூடம், மண்டபம், அனாதை இல்லம், நூலகம் எல்லாம் அதன் வளாகத்தில்தான் முளைத்தன. ஆனால் சுவர் என்றால் அது பிளவுபடாமல் நிற்க வேண்டுமல்லவா? இந்தச் சுவர் ஒரு நூற்றாண்டுகூட ஒன்றாக நின்றதில்லை.

ஆர்மீனியப் புலமைக்கு ஆதாரமாக இருந்த மெக்கித்தாரியத் துறவிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். செபாஸ்தியா ஊரைச் சேர்ந்த மெக்கித்தார் 1701இல் இந்தச் சபையைக் கான்ஸ்டான்டினோபிளில் நிறுவினார். 1717இல் வெனிஸின் சான் லாசரோ தீவில் குடியமர்ந்தார். மிகாயேல் சம்ச்சியனின் மூன்று தொகுதி ஆர்மீனிய வரலாறும் (1784–86) இன்றும் புரட்டப்படும் 'நோர் பர்கிர்க் ஹய்காஸியன் லெஸ்வி' பேரகராதியும் (1836–37) அந்தத் தீவின் அச்சகத்தில் பிறந்தவை. இந்தத் துறவிகள் ரோமைத் தலைமையாக ஏற்றவர்கள். அதாவது தேசியத் திருச்சபையின் பார்வையில் சுவரைத் தாண்டிக் குதித்தவர்கள். ஆர்மீனிய மொழியின் மிகப் பெரிய களஞ்சியத்தைத் தொகுத்தவர்கள் அவர்கள்தான். சுவருக்குள்ளேயே இருந்தவர்களுக்கும் அவர்களுடைய அகராதி இல்லாமல் நகர முடியவில்லை.

உதுமானிய ஆர்மீனியருக்கு 1863இல் சுல்தானின் ஒப்புதல் பெற்ற தேசிய அரசியலமைப்பு வந்தது. 140 பேர் கொண்ட அதன் பேரவையில் குருமார் 20 பேர் மட்டுமே. திருச்சபையின் அதிகாரத்தில் பங்கு கேட்டு, பாரிஸில் படித்துவந்த இளைஞர்களும் கைவினைஞர் சங்கங்களும் போராடிப் பெற்றது இது. திருச்சபை இவர்களைக் காத்தது என்கிறோம். இவர்கள் திருச்சபையோடு மல்லுக்கட்டித்தான் அதை உயிரோடு வைத்தார்கள்.

இருபதாம் நூற்றாண்டுச் சண்டைகள் இன்னும் கசப்பானவை. 1933 டிசம்பர் 24 அன்று நியூயார்க்கில் திருப்பலிக்கு வந்த பேராயர் லெவோன் தூரியன் ஆலயத்துக்குள்ளேயே குத்திக் கொல்லப்பட்டார். சோவியத் ஆர்மீனியாவை ஏற்பதா மறுப்பதா என்பதுதான் சண்டையின் வேர். அமெரிக்க ஆர்மீனியச் சபை இரண்டாகப் பிளந்தது; இன்றும் இரண்டு நிர்வாகங்கள். சிலிசிய கத்தோலிக்கோஸ் பீடம் 1915 உதுமானியப் படுகொலைக்குப் பின் அலைந்து 1930இல் லெபனானின் அந்தேலியாஸில் நிலைகொண்டது. 1956இல் அதன் தலைமைக்கு நடந்த தேர்தல் எச்மியாட்சினோடு இருந்த பிளவை இறுக்கியது. இந்தக் கொலையையும் பிளவையும் பெருமை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஒரே திருச்சபை ஒரே குரலில் ஓர் இனத்தைக் காத்தது என்ற கதைக்கு இதில் எங்கே இடம்? அந்தப் போட்டி உச்சத்தில் இருந்த பெய்ரூட்டில், ஒவ்வொரு கட்சிக்கும் தனி நாளிதழ், தனிப் பள்ளிகள், தனி மண்டபங்கள், தனி நாடகக் குழுக்கள். 1927இல் தொடங்கிய 'அஸ்தாக்' ஒரு கட்சியின் குரல். 'ஸார்தோங்க்', 'அராரத்' மற்ற இரண்டின் குரல்கள். எதிராளிக்குப் பதில் எழுத வேண்டியிருந்ததால் மேற்கு ஆர்மீனிய உரைநடைக்கு அன்றாடம் வேலை இருந்தது.

சுவர் ஒழுங்காக நின்ற இடம் வேண்டுமானால் சென்னையிலேயே காட்டுகிறேன். நம்மவர்கள் அரண்மனைக்காரன் தெரு என்று அழைக்கும் ஆர்மீனியன் தெருவில் 1772இல் கட்டப்பட்ட புனித மரியன்னை ஆலயம் இருக்கிறது. மணிக்கூண்டு உறுதியாக இருக்கிறது. ஆறு மணிகளும் தொங்குகின்றன. கல்லறைக் கற்கள் சுத்தமாகத் துடைக்கப்பட்டிருக்கின்றன. ஷ்மாவோனியனின் கல்லறையும் அங்கேதான். ஆனால் சபை கூட ஆர்மீனியர் சென்னையில் இல்லை. காப்பதுதான் உயிர் வாழ்வதற்கான வழி என்றால், இங்கே காத்தலுக்கு ஒரு குறையும் இல்லையே. அந்தச் சமூகம் ஆர்மீனிய உலகத்துக்கு விட்டுச்சென்றது என்ன என்று கேட்டால், அங்கே ஒவ்வொரு படித்தவரும் சொல்லும் பெயர் ஆலயத்தினுடையது அல்ல, 'அஸ்தரார்'. இரண்டே ஆண்டுகள் வாழ்ந்து நின்றுபோன இதழ் அது.

மூன்றாவது கால் உணர்ச்சி மிகுந்தது: மொழி போனால் எல்லாம் போயிற்று, கலப்பு வந்தால் எல்லாம் கரைந்துவிடும். 1915 படுகொலைக்குப் பின் இந்த அச்சத்துக்குத் தனி வலிமை வந்தது. கரைந்துபோவதை 'வெள்ளைப் படுகொலை' என்றே அழைத்தார்கள். தப்பிப் பிழைத்த அனாதைகள் பாரிஸில் கூடி என்ன செய்தார்கள் என்பது அதற்கு நேர்ப் பதில். ஷவார்ஷ் மிசாக்கியன் 1925இல் அங்கே 'ஹராச்' நாளிதழைத் தொடங்கினார். அதில் 1929இல் தொடராக வந்தது ஷஹான் ஷாஹ்னூரின் 'பாட்டில்லாப் பின்வாங்கல்' நாவல். பெத்ரோஸ் என்ற ஆர்மீனிய இளைஞன் பாரிஸில் பியெராக மாறிப்போகும் கதை. இனத்தின் பெருமைகளையும் பெற்றோரையும், ஆர்மீனியர் வணங்கும் நாரேக் துறவியையும்கூட அதன் பாத்திரங்கள் வசைபாடின. ஆபாசம், நிந்தனை, இனத்துரோகம் என்று பண்பாட்டுக் காவலர்கள் கொதித்தார்கள். அவருடைய தலைமுறையினர் 1931இல் 'மெங்க்' என்ற இதழைத் தொடங்கினார்கள். ஐந்து இதழோடு அதுவும் நின்றது.

இன்று புலம்பெயர் ஆர்மீனிய இலக்கியம் என்று பேச ஆரம்பித்தால் அந்த நாவலிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். நாம் அழிந்துகொண்டிருக்கிறோம் என்று ஆர்மீனிய மொழியில், ஆர்மீனியர் கோபப்படும் அளவுக்கு நன்றாக எழுதியதுதான் அழியாமல் நின்றது. கோபப்பட்டவர்கள் அந்த ஆண்டு மேடைகளில் பாடிய வீரப் பாட்டுகளில் எத்தனை இன்று யாருக்கு நினைவிருக்கிறது? ஷாஹ்னூரே பிறகு ஆர்மென் லூபின் என்ற பெயரில் பிரெஞ்சுக் கவிஞரானார். கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோவில் பிறந்த வில்லியம் சரோயன் ஆர்மீனியக் குடும்பங்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதினார். 1940இல் புலிட்சர் பரிசை மறுத்த அந்த எழுத்தாளரை ஆர்மீனியர் தம்மவர் என்று கொண்டாடத் தயங்குவதில்லை. அவர் காவலர்களின் அளவுகோலில் தேறமாட்டார் என்பது மட்டும் யாருக்கும் உறைப்பதில்லை.

வேற்று மொழி வழியே ஆர்மீனியம் பேசுவது நேற்று வந்த நோயும் அல்ல. 1618இல் லிவிவ் நகரத்து ஆர்மீனியர் அச்சிட்ட வழிபாட்டு நூல் கிப்சாக் என்ற துருக்கிய மொழியில், ஆர்மீனிய எழுத்தில் இருக்கிறது. 1851இல் கான்ஸ்டான்டினோபிளில் வார்தான் பாஷா ஆர்மீனிய எழுத்தில் துருக்கி மொழி நாவல் வெளியிட்டார். நம் காலத்தில் ஹ்ரான்ட் டிங்க் 1996இல் இஸ்தான்புல்லில் தொடங்கிய 'அகோஸ்' வார இதழின் பெரும்பகுதி துருக்கி மொழியில் வந்தது. தாய்மொழி மறந்த ஆர்மீனியரோடும் எதிர்த்தரப்பில் நின்ற துருக்கியரோடும் ஒரே பக்கத்தில் பேச அவர் விரும்பினார். தலை குனிந்து அமைதியாக இருப்பதே பாதுகாப்பு என்று பழகியிருந்த சமூகத்தில் பலருக்கு இது பிடிக்கவில்லை. 2007 ஜனவரி 19 அன்று அலுவலக வாசலில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டபோது, இறுதி ஊர்வலத்தில் ஒரு லட்சம் பேர் நடந்தார்கள். அதில் நடந்த துருக்கியரை எந்தக் காவல் சுவரும் அழைத்து வந்திருக்காது.

எதிர்த்தரப்பு இங்கே இரண்டு கேள்விகள் கேட்கும். முதல் கேள்வி: லிவிவ் ஆர்மீனியர் கடைசியில் போலந்துக்காரர்களாகிவிட்டார்களே, மதராஸ் ஆர்மீனியர் மறைந்தார்களே, பாரிஸில் 'ஹராச்' 2009இல் மூடப்பட்டதே? உண்மை. ஒவ்வொரு குடியிருப்புக்கும் ஓர் ஆயுள் உண்டு. ஆனால் ஒரு குடியிருப்பின் முடிவை இனத்தின் முடிவாக எண்ணுவது கணக்குப் பிழை. புதிய ஜுல்ஃபா ஓய்ந்தபோது மதராஸும் கல்கத்தாவும் எழுந்தன. கான்ஸ்டான்டினோபிள் சிதைந்தபோது பாரிஸும் அலெப்போவும் பெய்ரூட்டும். 1975இல் லெபனான் உள்நாட்டுப் போர் மூண்டபோது மாண்ட்ரியாலும் லாஸ் ஏஞ்சலிஸும். ஒவ்வொரு மையமும் அடுத்ததற்குக் கொடுத்துப்போனவற்றில் கட்டடம் இல்லை. நூல்களும் இதழ்களும் பழகிய ஆசிரியர்களும் இருந்தார்கள். தாயகமும் இதற்கு விலக்கல்ல. கவிஞர் யெகிஷே சாரெண்ட்ஸ் 1937இல் சோவியத் சிறையில் மாண்டார். எழுத்தாளர் ஆக்செல் பகூன்ட்ஸ் அதே ஆண்டு சுட்டுக் கொல்லப்பட்டார். பாரிஸிலிருந்து தாயகத்தை நம்பி 1933இல் போய்ச் சேர்ந்த ஸபேல் யெசாயானும் 1937இல் கைதாகித் திரும்பவில்லை. எழுத்துமுறையையே 1922இல் மாற்றியது யெரெவான்தான்; மரபு எழுத்துமுறை இன்றும் வழங்குவது புலம்பெயர்ந்த மேற்கு ஆர்மீனியரிடம். ஆகையால் ஊற்று தாயகம், வடிகால் புலம்பெயர்வு என்று பிரிப்பது வரலாற்றுக்குப் பொருந்தாது. யெரெவான் பல்கலைக்கழகத்தையும் சுவடிகளின் இல்லமான மதேனாதரானையும் தந்தது என்பதை நான் மறுக்கவில்லை. எல்லாம் அங்கிருந்து வந்தது என்பதை மட்டும்தான் மறுக்கிறேன்.

இரண்டாவது கேள்வி கடினமானது. மேற்கு ஆர்மீனியம் அழிவின் ஆபத்தில் இருக்கும் மொழி என்று யுனெஸ்கோ 2010இல் பட்டியலிட்டது. இப்படிப்பட்ட நேரத்தில் காக்க வேண்டாம் என்பது பொறுப்பற்ற பேச்சல்லவா? நான் சொல்வது வேறு: காத்தல் என்ற பெயரில் செய்வதே அந்த மொழியைப் பலவீனப்படுத்துகிறது. ஒரு புலம்பெயர் பள்ளியில் கணிதம் ஆங்கிலத்தில், அறிவியல் பிரெஞ்சில். ஆர்மீனியம் மட்டும் ஏப்ரல் 24 படுகொலை நினைவுநாளில் மேடையேறி ஒப்பிக்கும் மொழி என்றானால், பிள்ளைகள் அதைத் தியாகிகளின் மொழியாகவே பார்ப்பார்கள். திட்டவும், கேலி செய்யவும், நண்பனோடு சண்டை போடவும் வேறு மொழியைத் தேடிப் போவார்கள். புனிதமாக்கிய மொழியில் தப்பாகப் பேச யாருக்கும் துணிவு வராது. தப்பாகப் பேசத் துணியாதவன் அந்த மொழியில் ஒன்றும் புதிதாகச் சொல்லப் போவதில்லை.

நிறுவனங்களின் கதையும் இதையே சொல்கிறது. வெனிஸின் மூராத்-ரஃபாயெல் கல்லூரி 1997இல் மூடப்பட்டது. சைப்ரஸின் நிகோசியாவில் அனாதைகளுக்காக 1926இல் தொடங்கி, பிற்காலத்தில் பல நாட்டு ஆர்மீனியப் பிள்ளைகள் தங்கிப் படித்த மெல்கோனியன் பள்ளி 2005இல் மூடப்பட்டது. ஆசிரியரையும் எழுத்தாளரையும் உருவாக்கிய பட்டறைகள் இவை. பள்ளி மூடியபோது சுவரொன்றும் இடியவில்லை. புதிதாக எழுதக்கூடியவர்கள் வரும் வழி அடைபட்டது. மாறாக, 2019இல் விக்கிப்பீடியாவில் மேற்கு ஆர்மீனியத்துக்கெனத் தனிப் பதிப்பு தொடங்கியது சிறிய செய்திதான். ஆனால் சரியான திசையில் வந்த செய்தி. அங்கே மொழிக்கு வேலை கிடைக்கிறது. வேதியியலுக்கும் கால்பந்துக்கும் சொல் தேட வேண்டியிருக்கிறது, ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்துகிறார், வாக்குவாதம் வருகிறது.

பத்தாயக் கருத்து இத்தனை பிடிமானத்தோடு நிற்பதற்குக் காரணம் உண்டு. அது பணம் கொடுப்பவருக்கு வசதியானது. ஆலயத்துக்குக் கூரை போட்டால் பெயர்ப்பலகை கிடைக்கும்; நினைவுத்தூண் எழுப்பினால் திறப்புவிழா கிடைக்கும். இருபத்தைந்து வயதுக்காரன் நடத்தும் இதழுக்குக் கொடுத்தால் அவன் அடுத்த மாதமே கொடுத்தவரையும் பேராயரையும் சேர்த்துத் திட்டி எழுதுவான். ஷாஹமீரியன் அப்படிப்பட்ட எழுத்துக்குத்தான் தன் பணத்தைக் கொட்டினார். கத்தோலிக்கோஸின் கோபத்தையும் வாங்கிக் கட்டிக்கொண்டார். அவரைப் புகழ்ந்து மாநாடு நடத்தும் அமைப்புகள் அவர் செய்ததைச் செய்ய ஏன் தயங்குகின்றன என்பதுதான் இன்று ஆர்மீனியரிடம் கேட்க வேண்டிய கேள்வி. அவர்களை உதாரணம் காட்டும் மற்ற இனங்களுக்கும் இதையே சொல்வேன்: உங்கள் சங்கத்தின் ஆண்டறிக்கையில் பராமரிப்புச் செலவுப் பக்கத்தை விட்டுவிடுங்கள். இந்த ஆண்டு உங்கள் மொழியில் புதிதாக என்ன அச்சானது, அதைப் படித்து உங்களில் எத்தனை பேருக்குக் கோபம் வந்தது என்று பாருங்கள். இரண்டுக்கும் பதில் இல்லையென்றால், எவ்வளவு பத்திரமாகக் காத்துவைத்திருந்தாலும் பயனில்லை.